கபாடிவாலாவுக்குப் போடுமுன் ஒரு நிமிஷம்

தில்லித் தமிழர் வீடுகளில் ஒரு தலைமுறை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மத்திய அரசு வேலைக்கென்று ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. இருப்பவர்களில் சிலர் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டார்கள். பிள்ளைகள் நொய்டாவிலோ, குருகிராமிலோ, கடல் கடந்தோ இருக்கிறார்கள். பெற்றோரின் வீட்டைக் காலி செய்யும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது.

அப்போது என்ன நடக்கிறது? வெள்ளிப் பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வெண்கல உருளிக்கும் தஞ்சாவூர்ப் படத்துக்கும் ஆள் இருக்கிறது. பட்டுப் புடவைகளை அண்ணியும் நாத்தனாரும் பிரித்துக்கொள்கிறார்கள். பரண்மேல் தகரப் பெட்டியில் கிடக்கும் காகிதங்களுக்கு மட்டும் வாரிசு இல்லை. 'ஏதோ பழைய காலண்டர், லேபிள், நோட்டீஸ், குப்பை' என்று சொல்லி, கிலோ கணக்கில் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

அந்தக் 'குப்பை'யில் ஒரு பகுதிக்காக வக்காலத்து வாங்கவே இந்தக் கட்டுரை. நான் சொல்வது கடிதங்களையும் புகைப்படங்களையும் பற்றி அல்ல. அவற்றின் அருமை எல்லோருக்கும் தெரியும். விளம்பரக் காகிதங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 'போயும் போயும் விளம்பரத்தையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள்.

சீமையில் ஒரு பைத்தியம்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஒரு பொழுதுபோக்கு பிடித்து ஆட்டியது. கல்லில் படம் எழுதி அச்சிடும் லித்தோ முறையை ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796-ஐ ஒட்டிக் கண்டுபிடித்திருந்தார். பின்னர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வைத்துப் பல வண்ணத்தில் அச்சிடவும் வழி பிறந்தது. அதுவரை ஏழை வீட்டில் வண்ணப் படம் ஏது? சோப்பு, நூல்கண்டு, காப்பி, தையல் இயந்திரம், மருந்து என்று எதை விற்றவர்களும் கையகல அட்டையில் அழகான படம் போட்டு, பின்பக்கம் தங்கள் சரக்கின் பெருமையை அச்சிட்டு, கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் இது வெள்ளமாகப் பெருகிற்று.

பெண்களும் குழந்தைகளும் இந்த அட்டைகளைச் சேகரித்து ஆல்பங்களில் ஒட்டினார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். லீபிக் என்ற இறைச்சிச் சாறு கம்பெனி 1870-களில் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷம் படத் தொடர்களை வெளியிட்டது. சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய வெற்று அட்டையிலும் 1880-களில் படம் ஏறியது. 1900 வாக்கில் பத்திரிகைகளில் வண்ண விளம்பரம் வரத் தொடங்கியதும் கடை அட்டைகளின் மவுசு குறைந்தது.

பெரிய மனிதர்கள் அன்று இதைக் குழந்தை விளையாட்டு என்றே நினைத்திருப்பார்கள். இன்றோ ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ஜான் ஜான்சன் தொகுப்பு என்று இத்தகைய உதிரிக் காகிதங்களுக்கே ஒரு பெரும் பகுதி இருக்கிறது. ஜான்சன் அந்தப் பல்கலைக்கழகத்தின் அச்சகத்தார். 1993-இல் ரெடிங் பல்கலைக்கழகம் உதிரிக் காகிதங்களின் ஆய்வுக்கென்றே ஒரு மையம் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு முன் சாதாரண வீட்டில் எதைத் தின்றார்கள், எதைக் கொண்டு துவைத்தார்கள், எந்த வியாதிக்குப் பயந்தார்கள் என்பதை அரசாங்க அறிக்கைகளைவிட இந்த அட்டைகள் தெளிவாகச் சொல்கின்றன.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்தச் சீமாட்டிகள் படம் தெரிய வேண்டும் என்று அட்டையின் முதுகில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். விளம்பர வாசகமும் கடை விலாசமும் பசைக்கு அடியில் போயின. ஆராய்ச்சியாளர்கள் இன்று ஏங்குவது அந்த முதுகுப் பக்கத்துக்காகத்தான்!

நம் ஊர்க் கதை

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுக்க வேண்டாம். அதே காலத்தில் நம் வீடுகளுக்குள்ளும் விளம்பரப் படம் நுழைந்துவிட்டது. மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்த துணிகளின்மீது வண்ண லேபிள்கள் ஒட்டப்பட்டிருந்தன. வாங்குகிறவர் ஆங்கிலம் படிக்க மாட்டார். ஆகவே யானை, புலி, ராஜா, ராணி, கிருஷ்ணர், லட்சுமி என்று படத்தைப் பார்த்து 'அந்த மார்க் துணி கொடு' என்று கேட்கும்படி செய்தார்கள். வடக்கே இந்தச் சீட்டுக்கு 'டிக்கா', 'சாப்' என்று பெயர். துணி கிழிந்து மறைந்தது. லட்சுமி படம் பூஜை மாடத்தில் ஏறியது. 2025-இல் பெங்களூரில் உள்ள கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் இந்த லேபிள்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு அச்சகம் தொடங்கியபோது சாமி படங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தன. அந்தப் படங்களுக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்காரம் செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் நம் பாட்டிமார்கள். அச்சடித்ததைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது தீப்பெட்டி. ஒரு காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் நம் சாமி படம் போட்டே தீப்பெட்டி இறக்குமதியாயிற்று! 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வானம் பார்த்த பூமியாயிருந்த ஊர் அச்சுத் தொழிலில் தலைதூக்கியதற்கு ஆரம்பம் அந்த இரண்டங்குலக் காகிதம்தான். சர்க்காவும் பாரத மாதாவும் தேசத் தலைவர்களும் அந்த லேபிள்களில் வந்தார்கள். பத்திரிகை வாங்க வழியில்லாத வீட்டுக்கும் சுதந்திரப் போராட்டம் தீப்பெட்டியின்மேல் ஏறிப் போய்ச் சேர்ந்தது.

நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்திருப்பார்கள். அதுதான் நம் தெருவின் நாணயம். சிகரெட் அட்டையையும் தீப்பெட்டிப் படத்தையும் வட்டத்துக்குள் வைத்துச் சில்லால் அடித்து வெளியே தள்ளினால் ஜெயித்தவனுக்குச் சொந்தம். அபூர்வமான படத்துக்கு மதிப்பு அதிகம். விக்டோரியா காலத்துச் சிறுவன் லண்டனில் செய்ததைத்தான் நாமும் விருதுநகரிலும் கும்பகோணத்திலும் செய்தோம். அவன் ஆல்பத்தில் ஒட்டிப் பத்திரப்படுத்தினான். நாம் பள்ளிக்கூட வயது முடிந்ததும் தூக்கி எறிந்தோம்.

பிறகு காலண்டர். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் சரஸ்வதியும் சிவகாசியில் அச்சாகி, கீழே ஒரு ஜவுளிக்கடை அல்லது நகைக்கடையின் பெயரைத் தாங்கி நாடெங்கும் போய்ச் சேர்ந்தார்கள். முருகன் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் முகம் பெரும்பாலும் அந்தக் காலண்டர் முகம்தான். இன்றும் ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டிச் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை வெளியிடுகிறார்கள்.

எறிந்தவர் யார்? சேர்த்தவர் யார்?

நாம் எறிந்ததை யார் சேர்த்தார்கள் என்று பார்த்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. எச். டேனியல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நம் சாமி படங்களை வாங்கிச் சேர்த்தார். அவை அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கொண்டையராஜுவைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடாக்காரர்.

நம்மவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. தமிழ்த் தாயின் உருவம் படங்களில் எப்படியெல்லாம் வளர்ந்தது என்பதைத் தமது 1997-ஆம் ஆண்டு நூலில் காட்டியவர் வரலாற்றாசிரியர் சுமதி ராமஸ்வாமி. அவரும் தில்லியைச் சேர்ந்த யூசுப் சயீதும் ஜெர்மனியின் கிறிஸ்டியானே புரோசியஸும் சேர்ந்து 2006-இல் 'தஸ்வீர் கர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இதே தில்லியில் ஓட்டல் தொழிலில் இருக்கும் பிரியா பால் பல வருஷங்களாகச் சேர்த்த லேபிள்கள், காலண்டர்கள், விளம்பரப் படங்கள் 4,000-க்கும் மேல். அவை அந்த அமைப்பின் முயற்சியால் கணினிப் பதிவாகியுள்ளன.

எல்லோரையும்விட எனக்குப் பெரியவராகத் தெரிபவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார். அவர் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பெரிய படிப்பும் பதவியும் இல்லாமல் தம் வீட்டிலேயே தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்தார். அவற்றோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று மற்றவர் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்ததால் அது சிதறாமல் 1994-இல் சென்னையில் நூலகமாயிற்று. தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர் எவரும் இன்று அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. கோட்டையூரில் ஒருவர் 'இது குப்பை இல்லை' என்று நினைத்ததன் பலன் அது.

படத்தின் மறுபக்கம்

ஓர் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். 'இந்தப் படங்களைப் போற்றுவது வியாபாரிகளைப் போற்றுவதாகாதா? அந்த அழகான தீப்பெட்டியில் குச்சி அடுக்கியது யார் கை?'

நியாயமான கேள்வி. சிவகாசி வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகவேண்டிய குழந்தைகள் விடியற்காலையில் எழுந்து தீப்பெட்டி வேலைக்குப் போனார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990-இலும் 1996-இலும் இதே தில்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-இல் நீதிமன்றம் சொல்லிற்று. சீமை அட்டைகளும் யோக்கியமானவை அல்ல. கறுப்புக் குழந்தையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் வெள்ளையாகிவிடும் என்று படம் போட்டவர்கள் அவர்கள். கறுப்பரையும் சீனரையும் கேலி செய்யும் அட்டைகள் ஏராளம்.

ஆனால் இதற்காகவே அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று 'நாங்கள் அப்படியெல்லாம் நினைக்கவே இல்லை' என்று இன்று சாதிக்க முடியுமா? அட்டை சாட்சி சொல்லும். தீப்பெட்டி லேபிளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேரனிடம், 'இதன் அடியில் இருந்த பெட்டியை உன் வயதுப் பெண் குழந்தை செய்திருக்கலாம்' என்று சொல்ல முடியும். சேகரிப்பது வேறு, கொண்டாடுவது வேறு. விளம்பரம் தன்னைப் புகழத்தான் பேசுகிறது. ஆனாலும் தன்னையறியாமல் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நமக்கு ஏன் இரட்டிப்பு அவசியம்?

ஊரில் இருப்பவருக்கு வீடு உண்டு, தெரு உண்டு, கோயில் உண்டு. அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அவை சாட்சி. தில்லியில் நமக்கு என்ன இருக்கிறது? நம்மில் பெரும்பாலோர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்கள். ரிட்டயர் ஆன சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்கள். 2016-இல் மத்திய அமைச்சரவை சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட ஒப்புதல் தந்தது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாசலில் கோலம் போட்ட வரிசை வீடுகள் போய்விட்டன. அங்கே நாம் இருந்தோம் என்பதற்கு எந்தச் சுவரும் சாட்சி சொல்லாது.

காகிதம் சொல்லும். கரோல் பாக் கடை ஒன்று கொடுத்த தமிழ் தினசரிக் காலண்டர், காப்பிப் பொடிப் பொட்டலத்தின் மேலுறை, மாவு மில் நோட்டீஸ், மெஸ் டிக்கெட், ஊரிலிருந்து அப்பளம் வடாம் தருவித்து விற்ற மாமியின் கையச்சு விளம்பரம், சங்கத்து நாடக நோட்டீஸின் அடியில் 'உபயம்' என்று வரும் கடைப் பெயர்: இவற்றை வரிசையாக வைத்தால் தில்லியில் தமிழர் எந்தப் பேட்டையில் இருந்தார்கள், எப்போது யமுனையைத் தாண்டி மயூர் விஹாருக்குப் போனார்கள், எதற்கு ஏங்கினார்கள், எது எப்போது சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியது என்று ஒரு சரித்திரமே எழுதிவிடலாம். அதை வேறு எந்த ஆவணக் காப்பகமும் நமக்காக வைத்திருக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் சங்கங்களின் ஆண்டு மலர்களைக் கையில் எடுத்தால் கதையையும் கவிதையையும் படிக்கிறோம், விளம்பரப் பக்கங்களைப் புரட்டித் தள்ளுகிறோம். பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துவிடுவது பல நூலகங்களின் வழக்கம். எனக்கு அந்த விளம்பரப் பக்கங்கள்தான் முதலில் வேண்டும். இட்லி அரிசி விற்றவரும், சாமான் மாற்றும் லாரி வைத்திருந்தவரும், பாட்டு வாத்தியார் வேண்டுமா என்று கேட்டவரும் அங்கேதான் உயிரோடு இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

'தில்லி ஃப்ளாட்டில் ஆள் படுக்கவே இடமில்லை, காகிதத்துக்கு எங்கே போவது?' என்பார்கள். எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு போதும். வருஷத்துக்கு ஒரு காலண்டர் படம், கடைக்கு ஒரு பில், ஐந்தாறு லேபிள் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சூட்கேஸின் மூலையில் அடங்கிவிடும்.

'மொபைலில் படம் எடுத்துக்கொண்டால் போதாதா?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். எடுங்கள், நல்லதுதான். இருபுறமும் எடுங்கள். ஆனால் போன் மாறும்போது எத்தனை படம் தப்பிக்கிறது என்பதை உங்கள் மனசாட்சியிடமே கேட்டுப் பாருங்கள். காகிதம் நூறு வருஷம் பார்த்த பொருள். போன் மூன்று வருஷத்தில் பழசு.

பாதுகாக்கும் விதம் சுலபம். பசை போட்டு ஒட்டாதீர்கள். செலோ டேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். மடிக்காமல் தட்டையாக, தனித்தனிக் காகித உறைகளில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்: யாருடையது, எந்த வருஷம், எந்தக் காலனி, எந்தக் கடை. பெயரில்லாத காகிதம் ஒரு தலைமுறைக்குமேல் பேசாது. அம்மாவோ அப்பாவோ இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ஒரு பழைய காப்பிப் பொடி உறையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதாத அளவுக்குப் பேச்சு வரும்.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் ஒரு அலமாரி, ஒரு பதிவேடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உதவ இரண்டு தொண்டர்கள். இவ்வளவு போதும். உறுப்பினர்கள் கொண்டுவரும் காகிதங்களை வாங்கிப் பதிவு செய்யலாம். வைத்துக்கொள்ள மனமில்லாதவர் கபாடிவாலாவுக்குப் பதில் சங்கத்துக்குத் தரலாம். கொடுக்க மனமில்லாதவர் நகல் எடுக்க அனுமதிக்கலாம். பொங்கல் விழாவில் கோலப் போட்டி வைக்கிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம். ஒரு வருஷம் 'எங்கள் வீட்டுப் பரண்' என்று கண்காட்சி வைத்துப் பார்க்கலாமே! தமிழ் படிக்கத் தயங்கும் நம் பிள்ளைகள் படம் பார்க்க வருவார்கள். படத்தின் கீழுள்ள இரண்டு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் படிப்பார்கள்.

போகிக்குப் பழையதைக் கழிப்பது நம் வழக்கம்தான். கழிக்க வேண்டியதைக் கழிப்போம். ஆனால் நம் பெற்றோர் இந்த ஊரில் நாற்பது வருஷம் என்ன வாங்கினார்கள், யாரிடம் வாங்கினார்கள், எதை ஆசையாய்ச் சுவரில் மாட்டினார்கள் என்பது கழிக்க வேண்டியதில் சேருமா? கபாடிவாலா கிலோவுக்குக் கொடுக்கும் சில ரூபாய்க்கு அதை விற்கத்தான் வேண்டுமா? அடுத்த முறை வாசலில் அவர் குரல் கேட்கும்போது மூட்டையைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் பிரித்துப் பாருங்கள்.